கேட்காத மூன்றாவது தடவை

எங்கள் ஊர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகான காபிக்கு ஒரு கேக் வைத்தால், அதன் கடைசித் துண்டு காய்ந்து போகும்வரை அங்கேயே கிடக்கும். வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம். நிஜமாகவே வேண்டாமா என்றால், ஐயோ, வேண்டவே வேண்டாம். மூன்றாவது தடவை தட்டை மூக்குக்கு நேரே நீட்டி, "வீணாப் போயிடும், எடுத்துக்குங்க" என்றால்தான், "நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னு..." என்று இழுத்துக்கொண்டே கை வரும். மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் தடவையிலேயே கை நீட்டுகிறவன் வெளியூர்க்காரன், அவ்வளவுதான். எனக்கு எழுபது வயதாகிறது. எனக்கு இது தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. தெரிந்திருந்தும்தான் அப்படிச் செய்தேன்.

என் கணவர் டுவேனுக்கு இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து மாடிப்படி ஆகவில்லை. எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில், துணி துவைப்பது நிலவறையில். மகள் ஜோலின் செயின்ட் கிளவுடில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வயதானவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டாள். லிஃப்ட் உண்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. பூனைக்கு மட்டும் அனுமதி இல்லை. மீன் தொட்டி வைத்துக்கொள்ளலாமாம். மீனை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்க்க முடியுமா?

எங்களிடம் இரண்டு பூனைகள். பிக்கிளும் டோரிஸும் எங்கள் படகுக் கொட்டகையில் ஒன்றாகப் பிறந்தவை. பிக்கிளுக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது, தபால்காரர் மடியில் கூடப் படுத்துக்கொள்வான். டோரிஸ் வேறு ரகம். முன்பு எங்கள் ஊர் வங்கியில் டோரிஸ் என்று ஓர் அம்மாள் இருந்தாள். கடன் கேட்டுப் போகிறவர்களைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். இந்தப் பூனைக்கும் அதே பார்வை, அதனால் அதே பெயர். பகலெல்லாம் இரண்டும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. படுக்கும்போது மட்டும் எந்த வால் எதனுடையது என்று தெரியாதபடி சுருண்டு கிடக்கும். அதனால் எங்கே கொடுத்தாலும் சேர்த்துத்தான் கொடுப்பது என்று நானும் டுவேனும் முடிவு செய்திருந்தோம்.

கொடுப்பதென்றால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பக்கத்து வீட்டு வெர்லின்தான். மனைவி ஆர்டிஸ் இறந்தபிறகு தனி ஆள். சரியான கல்லுளிமங்கன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம். பனிக்காலத்தில் எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, நன்றி சொல்லப் போனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தினமும் காலையில் அவர் பிக்கப் வண்டியைக் கிளப்பிச் சூடாக்குவார். டோரிஸ் போய் அந்தச் சூட்டுக்காக முன்பக்க பானட்டின் மேல் உட்காரும்.

"மார்லிஸ், உங்க மகாராணி இறங்கினாத்தான் நான் கடைக்குப் போக முடியும்" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

"தூக்கிக் கீழ விடுங்களேன்."

"எதுக்கு, நல்லாத்தானே உக்காந்திருக்கு."

ஒருநாள் அது இறங்கவே இல்லை. வெர்லின் வண்டியை அணைத்துவிட்டுக் கடைக்கு நடந்தே போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அக்டோபரில் அவர் இலை வாரிக்கொண்டிருந்தபோது முதல் தடவை கேட்டேன்.

"வெர்லின், நாங்க போகும்போது பூனைங்களை நீங்க வச்சுக்கிறீங்களா?"

"ஐயோ, வேணாம் மார்லிஸ். எனக்கு எதுக்கு? உங்களுக்கு நல்ல இடமாக் கிடைக்கும்." இலையை வாரிக்கொண்டே சொன்னார். வாரிய இடத்தையே திரும்பத் திரும்ப வாரினார்.

அது முதல் தடவை, அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அவரே ஓர் ஆப்பிள் கேக்கோடு வந்தார். ஆர்டிஸின் கேக் தட்டு அது. அடியில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில் அவள் பெயர் இன்னும் அழியவில்லை. கேக் ஒரு பக்கம் கருகியிருந்தது. பிக்கிள் போய் அவர் பூட்ஸில் முகத்தைத் தேய்த்தான்.

"பூனை விஷயம் யோசிச்சீங்களா?" என்றேன்.

"இல்ல இல்ல. நல்ல குடும்பமாப் பாருங்க. குழந்தைங்க இருக்கிற இடமா. என் வீட்டுல என்ன இருக்கு?" அதற்குமேல் நிற்காமல் போய்விட்டார். போகும்போது குனிந்து பிக்கிளின் காதைத் தடவினார். அதையும் பார்த்தேன். பார்க்காமலில்லை.

ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முப்பது வருஷப் பழக்கம். அந்த மனிதரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்தது நான்.

டுவேன் நாற்காலியிலிருந்தபடியே, "இன்னொரு தடவை கேளு" என்றார்.

"நான் என்ன பிச்சையா எடுக்கிறேன்? என் பூனைங்க அவருக்குக் கசந்தா கசக்கட்டும்."

"கேக்கை மட்டும் மூணு தடவை கேட்டுக் கேட்டுக் கொடுப்ப."

"இது கேக் இல்ல டுவேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அன்றைக்கே ஜோலினைக் கூப்பிட்டு இணையத்தில் விளம்பரம் போடச் சொன்னேன். எல்லாம் என் வீம்பு.

நிறையப் பேர் கூப்பிட்டார்கள். ஒருத்தி பிக்கிள் மட்டும் போதும் என்றாள். ஒருவன் களஞ்சியத்தில் எலி பிடிக்குமா என்று கேட்டான். கடைசியில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்து ப்ரிட்டா என்ற பெண் தன் மகள் ஆனிகாவோடு வந்தாள். குழந்தைக்கு ஆறு வயதிருக்கும். நான் போலீஸ்காரி போலக் கேள்வி கேட்டேன். நகத்தைப் பிடுங்குவீர்களா, வெளியே விடுவீர்களா, குழந்தைக்குத் தும்மல் வந்தால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

பிக்கிள் தானாகவே கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். டோரிஸைத்தான் நான் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவர வேண்டியிருந்தது. என் பழைய ஸ்வெட்டரைக் கூடைக்குள் விரித்தேன். டோரிஸ் கத்தவில்லை, பிராண்டவில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், காது மட்டும் பின்னால் திரும்பியது.

அந்த நேரம் வெர்லின் ஏணியில் ஏறிக் கூரை விளிம்பில் அடைத்திருந்த இலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். ப்ரிட்டாவின் கார் கிளம்பியதும் ஏணியிலிருந்து இறங்கி உள்ளே போய்விட்டார். வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, மனிதர் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமான் கட்டும்போது ஆர்டிஸின் கேக் தட்டு கையில் பட்டது. தட்டைக் காலியாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பிஸ்கட் சுட்டு நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டியதும், "திறந்துதான் இருக்கு" என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது. போனேன்.

கண்ணாடி அடைத்த அந்தப் பின்தாழ்வாரத்தில், எங்கள் வீட்டைப் பார்த்த ஜன்னலோரம், என் உயரத்துக்கு ஓர் அலமாரி நின்றது. தேவதாருப் பலகை. ஏறிப் போகத் தோதாக மாறி மாறித் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் பச்சைக் கம்பளம் வெட்டி ஒட்டியிருந்தது. அது ஆர்டிஸின் கூடத்துக் கம்பளம். உச்சித் தட்டு மட்டும் அகலம், இரண்டு படுக்கலாம். கீழே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். பக்கத்தில் பூனைக் கழிவுக்கான மண் மூட்டை, பிரிக்கவில்லை.

"இது என்ன வெர்லின்?"

"சும்மா. ஒரு அலமாரி."

"பூனைக்கா?"

"பலகை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

"எப்போ செஞ்சீங்க?"

"நீங்க முதல்ல கேட்டீங்கல்ல, அன்னிக்கு ஆரம்பிச்சேன்."

"அப்புறம் ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

அவர் என்னை ஏதோ கலிபோர்னியாவிலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீங்க இன்னும் கேட்டு முடிக்கலையே" என்றார்.

தட்டை மேசைமேல் வைத்தேன். அவரோ பிஸ்கட்டைப் பார்த்தபடி, "பரவாயில்ல மார்லிஸ். நல்ல ஜனங்கதானே? குழந்தை இருக்கு. அதுதானே வேணும்" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து டுவேனிடம் சொன்னேன். "நான் சொன்னேன்ல" என்று அவர் சொல்லவில்லை. டிவியை அணைத்தார். அதுவும் சுட்டது. நேரே போனை எடுத்து ப்ரிட்டாவைக் கூப்பிட்டேன்.

"ப்ரிட்டா, தப்பா எடுத்துக்காதம்மா. பூனைங்க அங்க ஒத்துவரலைன்னா திரும்ப வாங்கிக்க இங்க இடம் இருக்கு."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க. பிக்கிள் ஆனிகாகூடவேதான் படுக்குறான். டோரிஸ்தான் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னாடியே இருக்கு. யாரும் இல்லாதப்ப வந்து சாப்பிட்டுட்டுப் போயிடுது."

மெஷினுக்குப் பின்னால், அந்தத் தூசியில். தினமும் சூடான பானட்டில் மகாராணியாக உட்கார்ந்திருந்தது. "டோரிஸுக்குப் பழகின ஆள் ஒருத்தர் இருக்காரும்மா. ரெண்டையும் சேத்தே வச்சுக்குவாரு" என்றேன் மறுபடியும்.

அவள் குரல் மெலிந்து வந்தது. "உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்குன்னா..."

அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான். இன்னொரு தடவை கேட்டால் கொடுத்துவிடுவாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். வாயைத் திறந்தேன். அப்போது பின்னாலிருந்து அந்தக் குழந்தையின் குரல் கேட்டது. தரையில் படுத்துக்கொண்டு பேசுகிறது போலிருந்தது. "டோரிஸ், நான் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ வர்றப்ப வா. நான் இங்கயேதான் இருப்பேன்."

கேட்க வேண்டிய இடத்தில் மூன்றாவது தடவை கேட்காதவள், கேட்கக் கூடாத இடத்தில் கேட்கப் போனேன். வெட்கமாக இருந்தது.

"இல்லம்மா, சும்மாதான் கேட்டேன். நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டேன்.

வெர்லினிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் படகைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அந்த அலமாரியை அவங்களுக்குக் கொடுத்துடலாமா? ஜன்னலோரம் வச்சா டோரிஸ் ஏறும். தெருவுல வண்டி ஏதாவது நின்னா பாத்துட்டிருக்கும்."

"சரி" என்றேன்.

அவர் திகைத்துவிட்டார். இரண்டாவது தடவை சொல்வதற்கான வார்த்தைகள் அவர் வாயிலேயே நின்றுபோயின. எழுபது வருஷத்தில் முதல் தடவையிலேயே நான் சரி சொன்னது அதுதான் என்று நினைக்கிறேன்.

இருவருமாக அலமாரியைத் தூக்கிப் பிக்கப்பில் படுக்க வைத்தோம். பூனை மண் மூட்டையையும் கிண்ணங்களையும் அவரே கொண்டுவந்து ஓரமாக வைத்தார்.

"நீங்களும் வாங்க வெர்லின்."

"ஐயோ, நான் எதுக்கு? இங்க வேலை கிடக்கு."

வேலை என்று பார்த்தால் அந்தப் படகு ஒன்றுதான். அதுவும் கட்டி முடிந்திருந்தது.

"வாங்க."

"இல்ல இல்ல. உங்களுக்குத் தொந்தரவு. வண்டியில இடம் வேற இருக்காது."

வண்டி அவருடையது.

"வெர்லின், டோரிஸ் அந்த மெஷினுக்குப் பின்னாடி உக்காந்திருக்கு. நான் கூப்பிட்டா வராது. என்மேல கோபம். நீங்க கூப்பிட்டா வரும். தயவு செஞ்சு வாங்க."

"நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னு..." என்றார். சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

கேட்டு முடிக்க இவ்வளவு நேரம்தான் ஆனது. இதை அன்றைக்கே, கருகிய கேக்கை வைத்துக்கொண்டு நின்ற மனிதரிடம் கேட்டிருக்கலாம். பூனைகளுக்காகக் கேட்காமல், அவற்றைக் கொடுத்துத் தொலைத்தபிறகு வந்து கேட்கிறேன்.

நான் ஏறி உட்கார்ந்தேன். வெர்லின் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஏறுவதற்கு முன், தினமும் செய்கிற பழக்கத்தில், எட்டி பானட்டின் மேல் பார்த்தார்.

நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.