சராசரி இருபது சென்டிமீட்டர்

அன்செல்ம் லெகாஷூவின் மிச்ச ஆயுளுக்கு மாதம் அறுநூறு யூரோ என்று விலை படிந்தது. காட் மீன் பிடிக்கும் கப்பலில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது எழுபத்தொன்று. முன்பணம் முப்பதாயிரம், பிறகு அவர் கண் மூடும்வரை மாதாமாதம். அதுவரை கடல் பார்த்த தன் வீட்டில் அவரே இருப்பார்; மூடியதும் வீடு, வாங்கிய வோத்தியேவுக்கு. நார்மண்டிக் கரையில் வீடு இப்படியும் கைமாறும். யாரும் முகம் சுளிப்பதில்லை. வோத்தியே ஊரின் மருந்துக் கடைக்காரர் என்பதுதான் கொஞ்சம் சிரிப்பு. கிழவரின் ரத்த அழுத்த மாத்திரையை அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"வெண்ணெய் நல்லா சேத்துக்கங்க, முசியே லெகாஷூ."

"சேத்துக்கறேன் தம்பி. உன் மாத்திரை இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

எங்கள் ஊரில் முதல் தெரு கிடையாது. இரண்டாம் தெருவும் கிடையாது. பழைய மாதா கோவிலோடு சேர்ந்து இரண்டும் கடலுக்குள். போரில் ஜெர்மானியர் பாறை உச்சியில் கட்டிய பீரங்கி மேடை கீழே மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. லெகாஷூவின் வீடு மூன்றாம் தெருவில். சுண்ணாம்புப் பாறை ஆண்டுக்குச் சராசரி இருபது சென்டிமீட்டர் உதிரும் என்கிறது நகராட்சி அட்டவணை. வீட்டிலிருந்து விளிம்புக்குப் பன்னிரண்டு மீட்டர். அறுபது வருஷம் தாங்கும் என்று வோத்தியே வகுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பாறைக்குச் சராசரி தெரியாது. பதினொரு ஆண்டுகள் ஒரு பிடி உதிரவில்லை. பன்னிரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் மழையும் உறைபனியும் மாறி மாறி வந்தன. ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எட்டு மீட்டர் ஒரே மூச்சில் போனது. தோட்டமும் ஏழு கோழிகளும் அதோடு போயின. லெகாஷூ சூப்புக் கிண்ணத்தோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் மிச்சத்தைக் குடித்தார். மாலைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கதவில் ஆணை ஒட்டினார்கள்.

மறுநாள் அவர் மருந்துக் கடைக்கு வந்தார். இருமல் மருந்துக்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

"தம்பி, பத்திரத்த ரத்து பண்ணிடலாம். வீட்ட நானே திருப்பி எடுத்துக்கறேன். இனிமே நீ காசு தர வேணாம்."

"இதுவரைக்கும் குடுத்தது?"

"அது தின்னு தீந்துபோச்சுப்பா."

"ஒத்துக்கங்க முசியே வோத்தியே," என்றேன் நான். "இந்தத் தள்ளுபடி நாளைக்கு இருக்காது."

வோத்தியே கிழவரை ஏற இறங்கப் பார்த்தார். விற்றவன் தானாக வந்து திருப்பிக் கேட்டால் எங்கோ லாபம் ஒளிந்திருக்கும் என்பது அவர் நினைப்பு.

"டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. கல்லு மாதிரி இருக்கேன்."

"மறைக்காதீங்க, முகமே சரியில்ல. ரத்தெல்லாம் முடியாது. நான் கட்டறேன்."

"உன் இஷ்டம். மாத்திரைய எடு."

அது நடந்து மூன்று ஆண்டு. லெகாஷூ எதிர் வரிசையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். இன்றைய நிலவரம்: வோத்தியே கட்டியது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் யூரோ. லெகாஷூவின் வயது எண்பத்தாறு, ரத்த அழுத்தம் சீர். பழைய வீட்டின் சமையலறைச் சுவரிலிருந்து விளிம்புக்கு மிச்சம், ஒன்றேமுக்கால் மீட்டர்.