கோட்டு போட்ட தாய்மாமன்

வேனை விட்டு இறங்கியதும் சூரியபிரகாஷின் கண்ணில் முதலில் பட்டது அவனேதான். மேலூர் மண்டபத்து வாசலில், இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. பிறந்ததிலிருந்து அவன் கோட்டு போட்டதே கிடையாது. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் யாரோ ஒரு மகராசனின் உடம்பில் இவன் தலையை ஒட்டியிருந்தார். தலைக்கும் கழுத்துக்கும் நிறம் சேரவில்லை. அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'ஏரியா மேனேஜர் தாய்மாமன் சூரியபிரகாஷ் பி.இ.'

அந்த ஏரியாவும் இப்போது இல்லை, மேனேஜரும் இல்லை. ஆடி பிறந்த கையோடு, அவன் வேலை பார்த்த கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனி மதுரைக் கிளையை இழுத்து மூடிவிட்டது. பம்பு செட்டு, மோட்டார் என்று மதுரையைச் சுற்றியுள்ள கிராமமெல்லாம் அலைந்து சம்பாதித்த பேர், ஒரே ஒரு மெயிலில் முடிந்துபோனது. அது தெரிந்தது அவன் மனைவி திவ்யாவுக்கு மட்டும். விளாங்குடியில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட அவன் 'லீவில்' இருந்தான்.

அந்தக் கோட்டுக்கு அவனே ஒப்புதல் கொடுத்திருந்தான் என்பதுதான் கொடுமை. போன வாரம் அக்கா வீட்டுக்காரர் சுருளி வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "ஓகேவா மாப்ள?" என்று கேட்டார். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது லேசாக இருந்தது. தூக்கிவிட்டான். நம் பக்கத்தில் ஃப்ளெக்ஸில் ஒருத்தன் பேர் பதவி எதுவும் இல்லாமல் வெறுமனே நின்றால், அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"இப்பவாச்சும் அக்காகிட்ட சொல்லிருங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்க," என்றாள் திவ்யா, சீர்த்தட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே.

"விசேஷம் முடியட்டும்டி."

"லத்தீப் பாய் வாராருல்ல? அவரு இதப் பாத்தா?"

அவன் பயமும் அதுதான். அப்துல் லத்தீப் மதுரையில் நெடுநாளாக மோட்டார் வியாபாரம் செய்கிறவர். மேலூரில் புதிதாக ஒரு கடை திறக்கப்போகிறார். அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு பிரகாஷ் போய் நின்றபோது, வேலை போனதை ஒளிக்காமல் சொல்லியிருந்தான். திவ்யாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதது அது. பாய் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒண்ணுதான் தம்பி. கடையை உங்க கையில குடுத்துட்டு நான் மதுரையில உக்காந்திருப்பேன். உள்ளத உள்ளபடி சொல்ற ஆளா இருக்கணும். சுருளி நம்ம பழைய கஸ்டமர், பிள்ளைக்குக் காது குத்துறாப்லன்னு பத்திரிகை வச்சிருக்காப்ல. ஞாயித்துக்கிழமை வாரேன். அங்க வச்சு முடிவச் சொல்றேன்."

அவர் முன்னால் உண்மை, ஊர் முன்னால் கோட்டு. இரண்டும் இன்று ஒரே மண்டபத்துக்குள் உட்காரப் போகின்றன.

மேளம் முழங்கியது. தாம்பூலத் தட்டுகள் வரிசையாக உள்ளே நுழைந்தன. மைக் செட்டு தவசி காத்துக்கொண்டே இருந்தவர்போல எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார். "இதோ, சீர்வரிசையோடு வருகை தருகிறார், மோட்டார் கம்பெனி ஏரியா மேனேஜர், தாய்மாமன் சூரியபிரகாஷ் அவர்கள்!" மண்டபத்துக்குள் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, வாசலில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று. தவசி மூச்சு விட்டால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

மூன்றாவது வரிசையில், ஃபேனுக்குக் கீழே, வெள்ளைச் சட்டையில் லத்தீப் பாய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன் ஆசிப். பிரகாஷ் கும்பிட்டான். பாய் தலையை அசைத்தார். சிரிக்கவில்லை.

போய் இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தான். "எங்கடா போற? நேரமாச்சு, ஏறு மேல," என்று அக்கா பாண்டீஸ்வரி கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவிட்டாள். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, முகமெல்லாம் பூரிப்பு. தம்பியை ஊருக்குக் காட்டுகிற நாள் அவளுக்கு.

நாற்காலியில் உட்கார வைத்து, மொட்டைத் தலையில் சந்தனம் அப்பிய அக்கா மகள் பவதாரிணியை அவன் மடியில் வைத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை. நடக்கப்போவது தெரிந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் இரண்டு காதும் குத்தி முடிகிற வரைக்கும் மாமன் எழுந்திருக்கக் கூடாது. தீ பிடித்தாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் சுருளியின் அக்கா ராமக்காள் தன் மகள் நாகஜோதியைக் கூட்டிக்கொண்டு மேடையேறி வந்தாள்.

"தம்பி, ஒன்ன நம்பித்தான்யா இருக்கோம். கும்பிட்டுக்கடி சித்தப்பாவ."

பிரகாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மதினி?"

நாகஜோதி வெட்கத்தோடு சிரித்தாள். கிரானைட் ஆபீசில் கணக்குப் பார்க்கிற பெண். "அத்தை சொல்லிட்டாங்க சித்தப்பா, உங்க ஆபீசுல எனக்கு இடம் போட்டுருக்கிறதா. இங்க ஓனர்கிட்ட ஏற்கெனவே வாயால சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில போயி எழுதிக் குடுத்துட்டு நின்னுர்றேன். என் எடத்துக்கு ஒரு புள்ளைய அவுக பாத்து வச்சுட்டாக."

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பாண்டீஸ்வரி கண்ணடித்தாள். "அன்னைக்கு போன்ல கேட்டப்ப பாப்போம்க்கான்னு சொன்னேல்ல? அப்பறம் என்ன? நீ சொன்னா ஒங்க கம்பெனியில மறுபேச்சு உண்டா?"

கேட்டிருந்தாள். அவனும் 'பாப்போம்' என்றுதான் சொன்னான். மேனேஜராக இருக்கிறவன் பாப்போம் என்றால் நடக்கும் என்று ஊர் எடுத்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். இல்லை என்று சொல்ல வாய் வராததால் சொன்ன சொல் அது.

"அக்கா, ஒரு நிமிசம், அது வந்து..."

"சும்மா இரு. பெறகு பேசலாம். ஆசாரி, குத்துங்க!"

மேளம் உச்சத்துக்குப் போனது. வலது காதில் கம்பி இறங்க, பிள்ளை வீரிட்டது. வாழைப்பழத்தை வாயில் திணித்தார்கள், துப்பியது. அந்த அமளியில் தவசியின் குரல் மறுபடி எழுந்தது. "ஏரியா மேனேஜர் தாய்மாமன் மடியில், செல்வி பவதாரிணிக்கு..."

பிரகாஷ் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். லத்தீப் பாய் மகனிடம் குனிந்து ஏதோ சொன்னார். எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம்கூடத் திரும்பாமல், நேரே வாசலைப் பார்த்து நடந்தார். ஆசிப் ஒரே ஒரு தடவை மேடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனான்.

முடிந்தது. எழுந்து ஓடலாமென்றால் மடியில் பிள்ளை. கத்திக் கூப்பிடலாமென்றால் மேளம். வேலை தன் கண் முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தான்.

இனி வாயைத் திறப்பதில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. பாய் போயாகிவிட்டது. பேசாமல் இருந்தால் இன்றைக்கு மானமாவது மிஞ்சும். நாளைக்கோ மறுநாளோ நாகஜோதிக்கு போன் போட்டு ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் நாளைக்குக் காலையிலேயே அவள் எழுதிக் கொடுத்துவிடுவாள். வேலையில்லாமல் ஒரு காலைப்பொழுதில் விழிப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எல்லோரும் எங்கோ கிளம்பிப் போகிற சத்தம் தெருவில் கேட்கும். நாம் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்போம். அந்தக் காலைப்பொழுதை இந்தப் பெண்ணுக்கும் கொடுக்கப் போகிறோமா? நினைத்ததும் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தவசியண்ணே, மைக்கக் குடுங்க."

"தாய்மாமன் இப்போது வாழ்த்துரை..." என்று தவசி ஆரம்பிக்கும்போதே மைக்கைப் பிடுங்கிவிட்டான். மேளம் நின்றது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஏரியா மேனேஜர் இல்ல. எங்க கம்பெனிய மதுரையில மூடிட்டாக. ஆடி மாசத்துலயே எனக்கு வேலை போச்சு. எங்க அக்காவுக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. ஃப்ளெக்ஸப் பாத்து நாந்தான் சரின்னேன், அவுக மேல தப்பில்ல. நாகஜோதி, இருக்கிற வேலைய விட்டுறாத தாயி. எங்கிட்ட உனக்குக் குடுக்க வேலை இல்ல. நானே தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

மைக்கைத் தவசியின் கையில் திணித்தான். நாதஸ்வரக்காரருக்கு ஊதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ராமக்காள் மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று கீழே இறங்கினாள். "நல்லவேளை, இன்னைக்காச்சும் வாயத் தொறந்தானே," என்று அவள் சொன்னது திட்டா, நன்றியா என்று விளங்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். சுருளிக்குப் பங்காளி முறை. "சகுனமே சரியில்லையேப்பா. இன்னொரு காதுக்கு வேற மாமன உக்கார வைங்க."

பிரகாஷ் பிள்ளையை மடியிலிருந்து தூக்கப் போனான். அதுவும் போகட்டும் என்று தோன்றிவிட்டது. வேலை போனது, பாய் போனார், இப்போது மடியும் போகப் போகிறது.

பாண்டீஸ்வரி அவன் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். மேடையில், அத்தனை பேர் பார்க்க.

"இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லாம, தின்னியா தூங்குனியான்னுகூடத் தெரியாம... நான் செத்தா போயிட்டேன்? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியாச் சொல்றியேடா, பாவி!"

அழுதுகொண்டே அந்தப் பெரியவர் பக்கம் திரும்பினாள். "பெரிய மாமா, வேலை போச்சுன்னா தாய்மாமன் போயிருவானா? இவன விட்டா எனக்குக் கூடப்பொறந்தவன் யாரு இருக்கா? ஆசாரி, நீங்க குத்துங்க. டேய், அசையாம உக்காரு!"

பிரகாஷ் உட்கார்ந்தான். பிள்ளை அவன் சட்டையைப் பழையபடி கொத்தாகப் பிடித்தது. இடது காதில் கம்பி இறங்கியபோது பிள்ளை அழுத அழுகையில் அவன் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. திவ்யா மட்டும் முந்தானையை நீட்டினாள்.

காது குத்தி முடிந்ததும் அவன் மேடையிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு வந்தான். காற்று வேண்டியிருந்தது. வேப்பமரத்தடியில் லத்தீப் பாய் நின்றுகொண்டிருந்தார். காரின் கதவு திறந்தபடியே இருந்தது. உள்ளே ஆசிப், வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

பாய் ஃப்ளெக்ஸை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மரத்தில் கட்டியிருந்த குழாயைக் காட்டினார். "கார்ல கால வச்சுட்டேன் தம்பி. அது பேசுச்சு. நின்னுட்டேன்."

பிரகாஷ் மறுப்பாகத் தலையாட்டினான். "உங்களுக்காகப் பேசல பாய். நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சுத்தான் பேசுனேன்."

"அது தெரிஞ்சதாலதான் நின்னேன்." பாய் திறந்திருந்த கார் கதவைச் சாத்தினார். "ஆனா ஒண்ணு. கடைய மொத்தமா உங்க கையில குடுக்கிற யோசனையோடதான் காலையில கிளம்புனேன். இப்ப அந்த யோசனை இல்ல. ஒரு ஃப்ளெக்ஸுக்கே வேணாம்னு சொல்ல வாய் வரலியே உங்களுக்கு? நாளைக்குக் கடையில நஷ்டம்னா எங்கிட்ட எப்பச் சொல்வீங்க?"

அடி சரியான இடத்தில் விழுந்தது.

"கவுன்டர்ல நில்லுங்க. கிராமத்துப் பக்கம் மோட்டார் மாட்ட ஆளுகளோட நீங்களும் வண்டியில போங்க. பொறுப்பு இப்பத்திக்கு ஆசிப்கிட்ட இருக்கட்டும். அடுத்த ரமலான் வரட்டும், இன்ஷா அல்லாஹ், அன்னைக்குப் பேசுவோம். சம்மதமா?"

தன்னைவிடப் பத்து வயது இளையவனுக்குக் கீழே. மறுபடியும் கவுன்டர், மறுபடியும் வெயில். காலேஜ் முடித்த வருசம் நின்ற அதே இடம். 'பாப்போம்' என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

"கஷ்டமாத்தான் இருக்கு பாய். ஆனா வாரேன். நாளைக்கே வாரேன்."

பாய் அப்போதுதான் சிரித்தார்.

தலைக்கு மேலே குழாய் கரகரத்தது. தவசி தொண்டையைச் செருமிக்கொண்டார். "தாய்மாமன்..." என்று தொடங்கி, பழக்கதோஷத்தில் அடுத்த சொல்லுக்குத் தடுமாறி, நின்றுபோனார். பின்னாலிருந்து பாண்டீஸ்வரியின் குரல் மைக்கில் விழுந்தது. "பேரச் சொன்னாப் போதும்ணே. அவன் வந்து உக்காராம நான் இலையில கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"தாய்மாமன் சூரியபிரகாஷ்," என்றது குழாய், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்க, "தாய்மாமன் சூரியபிரகாஷ், எங்கிருந்தாலும் உடனே பந்திக்கு வரவும்."

கோட்டு போட்டவனைக் கடந்து அவன் உள்ளே போனான்.