சமயக்கடலும் பட்டுக்கூடும்

பாறைக்குன்றுகள் மாலை வெயிலை முதுகில் சுமந்து யானைக் கூட்டம்போல் அயர்ந்து கிடக்க, அவற்றின் அடிவாரத்தே கேழ்வரகுக் கதிர்கள் தலைதாழ்ந்து நிற்க, செம்மண் வரப்புகளுக்கிடையே பட்டுப்புழுவுக்கு இரையாகும் முசுக்கட்டைத் தோட்டங்கள் பசுமை விரித்துப் படர, தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் வளர்ந்து கன்னடத்தில் முடிவதை எவரும் வியவாத கெலமங்கலம், நாடு விடுதலை பெற்ற ஒன்பதாம் ஆண்டில், தன் சந்தைத் திடலுக்குத் தண்ணீர் தெளித்து ஓர் அறிஞரின் வருகைக்குக் காத்திருந்தது. மொழிவழியே நாட்டைக் கூறுபோடப் பெரியோர் எங்கோ கோடு கிழித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. அக்கோடு தங்கள் பேச்சின் நடுவே போகிறதென்று இவ்வூராருக்கு யாரும் சொல்லவில்லை.

வந்தவர் கிருஷ்ணகிரி நாராயணப்பனார். ‘சமயக்கடல்’ என்பது அவர் பட்டம். அளித்தவர் யாரெனக் கற்றறிந்த நீங்கள் வினவக்கூடும். அவரே அச்சிட்டு வழங்கிய துண்டறிக்கையன்றி வேறு சான்றில்லை. உலகச் சமயங்களின் தோற்றத்தையும் உட்பொருளையும் நான்கே மாலைகளில் ஊட்டிவிடும் உறுதியோடு, தோளில் பட்டு மின்ன மேடையேறினார். ஆற்றங்கரைகளில் தீ வளர்த்து விண்ணையும் மழையையும் வாழ்த்தியோர், பின்னர் உள்நோக்கித் திரும்பி உயிருக்குள் உறையும் பொருளைத் தேடிய கதை முதல் நாள். அவாவே துன்பத்தின் வேரெனக் கண்ட புத்தரும், எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையே அறமென்ற மகாவீரரும் இரண்டாம் நாள். ஒரே இறைவனோடு உடன்படிக்கை கண்ட யூதரும், அவர்களிடையே தொழுவத்தில் பிறந்து பகைவனிடத்தும் அன்பு வேண்டிய ஏசுவும் மூன்றாம் நாள். பாலைநிலக் குகையில் இறைமொழி கேட்ட நபிகளும், அவர் உரைத்த ஓரிறைக் கொள்கையும் இரக்கமும் ஈகையும் நான்காம் நாள்.

நான்கு நாளும் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள் வெங்கடம்மாள். பட்டுப்புழு வளர்ப்பவளுக்கு, புழுக்கள் இரவுபகலாய் இலை தின்று தீர்த்துக் கூடு கட்டி அடங்கும் சில நாள்களே ஓய்வு. சொற்பொழிவு முடிந்த மறுநாள் காலையில் ரசூல் வருவான். கூடுகளை வாங்கிப்போய் வெந்நீரில் இட்டு இழையெடுப்பான். தாழ்த்தினால் பூச்சி துளைத்து வெளிவரும். துளைபட்ட கூட்டில் நீளிழை இல்லை. அவள் வீட்டின் ஓராண்டுக் கேழ்வரகு கூடுகள் கிடந்த அந்த மூங்கில் தட்டுகளில்தான் இருந்தது.

நான்காம் நாள் முடிவில், எவரும் கேட்கமாட்டார் என்னும் துணிவோடு, “ஐயமுளதேல் வினவுக” என்றார் சமயக்கடல். வெங்கடம்மாள் எழுந்தாள்.

“ஏன் சாமி, கூட்டுக்குள்ள தூங்கறதும் உசுருதானுங்களே?”

“ஐயமென்ன அம்மையே! எறும்பு முதல் யானை ஈறாக அனைத்தும் உயிரே.”

“அப்ப நாளைக்கு அதை வெந்நீர்ல போடறது?”

நாராயணப்பனாரின் கை தன்னையறியாமல் தோளைத் தடவிற்று. “வினை செய்தாரையே சாரும், உடுத்தாரைச் சாராது” என்றார்.

பின்வரிசையிலிருந்து ரசூல் குரல்கொடுத்தான்: “அப்ப பட்டு சாமிக்கு, பாவம் எனக்குங்களா?”

திடல் சிரித்து ஓய்வதற்குள் கடல் பேருந்தைத் தேடி வற்றிவிட்டது.

சிரித்தவர்கள் உறங்கினார்கள். வெங்கடம்மாள் உறங்கவில்லை.

காலையில் ரசூல் கூடைகளோடு வந்தபோது அவள் தட்டுகளின்முன் நின்றாள்.

“இந்தத் தடவை தரமாட்டேன் ரசூலு.”

“ஏண்டி, கிறுக்கு புடிச்சிருச்சா?” என்று பாய்ந்தான் கணவன் ஆஞ்சப்பன். “வருசம் பூரா அந்தச் சாமியோட பேச்சையா களி கிண்டித் திங்கறது?”

“அக்கா, அதுக்குப் பறக்கவும் தெரியாது, வாயுங் கிடையாது. நாலஞ்சு நாள்ல தானே செத்துரும்” என்றான் ரசூல்.

“தெரியும்டா. அந்த நாலஞ்சு நாளு அதோடதுதானே?”

“சரி, பாதி குடு.”

“எந்தப் பாதின்னு நீயே சொல்லு.”

ரசூல் ஒரு கூட்டை எடுத்தான்; தொழில் வழக்கப்படி காதருகே வைத்துக் குலுக்கினான். உள்ளே ஏதோ மெல்ல உருண்டது. சரக்கு முற்றிவிட்டது என்பதே அவ்வொலிக்கு அவன் அதுவரை கொண்ட பொருள். மீண்டும் குலுக்கினான். பின்பு, உறங்குவோரை எழுப்பிவிட்டவன்போல நாணி, அதைத் தட்டிலேயே வைத்தான்.

“நேத்து அத்தனை பேருக்கு முன்னால வாயை விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று முனகி, வெறுங்கூடைகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தான்.

ஒரு விடியலில், உள்ளிருந்த பூச்சிகள் உமிழ்ந்த நீரில் கூடுகள் நனைந்து திறந்தன. வெள்ளைப் பூச்சிகள், பறக்கமாட்டாத சிறகுகள் படபடக்கத் தட்டெங்கும் நடந்து, துணை தேடி, முட்டையிட்டு, நான்கைந்து நாளில் அடங்கின. துளைபட்ட கூடுகளை ரசூலின் மனைவி காத்தூன் தக்ளி என்னும் கைக்கதிரில் கரட்டு நூலாக நூற்றாள். அவ்வாண்டு இரண்டு வீட்டு அடுப்பிலும் களி இளகிக் கஞ்சியாயிற்று. அடுத்த முறை கூடுகள் வழக்கம்போல் கூடையேறின. பசிக்கும் ஒரு சமயம் உண்டு, அதற்குச் சொற்பொழிவு தேவையில்லை.

எனினும் நரைகூடிய பின்னும், சந்தையில் எதிர்ப்படும்போதெல்லாம் இருவருக்கும் ஒரு வழக்கு மூளும்.

“அந்த ரெண்டாம் நாளு, உங்காளு மகாவீரரு சொன்னதுதான்க்கா அன்னைக்கு என் கையைப் புடிச்சுது.”

“போடா, நாலாம் நாளு உங்க நபி இரக்கம்னாரே, அதுதான்டா.”

மகாவீரர் அவள் ஆளல்லர் என்று திருத்த அங்கே அறிஞர் எவரும் இலர். வழக்கு தீராமலே இருவரும் தத்தம் வழியில் பிரிவர். அந்நாளைய கெலமங்கலம் கண்ட சமயப்போர், நண்பர்களே, அது ஒன்றே.