கை பழகிய முகம்

உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்கும் மனிதர் ஒருவர் அமைவது ஓவியம் படிக்கிற பிள்ளைகளுக்குப் புதையல் மாதிரி. டார்லினுக்கு அப்படி அமைந்தவர் தாஜ் முகம்மது. வண்ணார்பேட்டையில் அவள் கல்லூரிக்குப் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு எதிரே, தள்ளுவண்டியில் செல்போன் உறைகளும் சார்ஜர் வயர்களும் தொங்கவிட்டு விற்பவர். வியாபாரம் படுத்துக் கிடக்கும் மதியங்களில் ஸ்டூலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதைப் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது.

முதலில் அவருக்குத் தெரியாமல்தான் வரைந்தாள். அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, நம்ம மூஞ்சியவா போடுதே? போடு, போடு. இதுக்கு மேல கெடுக்க அதுல ஒண்ணும் இல்ல."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவர் மனைவி, பாத்து என்று பெயர், படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "படத்துலயும் மொறச்சிக்கிட்டுதான் இருக்காவ" என்றாள்.

கறுப்பு மையில் கோடு, அதன்மேல் அடுக்கடுக்காகக் கலர் பென்சில். இரண்டாம் வருடம் முழுக்க அவளுக்கு மனித முகம்தான் பாடம். புருவ எலும்புக்கு அடியில் உள்வாங்கிய அந்தக் கண்களையும், லேசாகச் சரிந்த இடது இமையையும், அதன் கீழே ஊதாவும் செம்பழுப்பும் கலந்த நிழலையும் எத்தனை தாள்களில் போட்டாளோ தெரியாது. கொஞ்ச நாளில் யோசிக்காமலே கை அதைப் போட்டது. கை பழகிவிட்டது என்று ஆசிரியர்கள் மெச்சினார்கள். எதற்குப் பழகியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த ஜெபராணி டீச்சரின் கழுத்துச் சங்கிலியை அறுத்தார்கள். விடியற்காலையில் ஆற்றுப்பாலத்துப் பக்கம் நடக்கப் போனவரைப் பைக்கில் வந்த ஒருவன் கழுத்தோடு சேர்த்து இழுத்தான். சங்கிலி உடனே அறுந்திருந்தால் விழுந்ததோடு போயிருக்கும். அறாததால் தரையோடு கொஞ்ச தூரம் போனார். இடுப்பெலும்பு முறிந்தது. இனி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

முகம் வரையத் தெரிந்த பிள்ளை யாராவது வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கல்லூரியில் கேட்டார். டார்லினை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"ஆளு ஒல்லிம்மா" என்றார் டீச்சர். "தாடி உண்டு. நாடி கூரா இருக்கும். கறுப்புத் தொப்பி."

"கண்ணு டீச்சர்?"

"கண்ணப் பாக்கதுக்குள்ளதான் கீழ கெடந்தேனே."

இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "கண்ணு இல்லாம மூஞ்சியா? பொதுவா ஒரு கண்ணப் போடும்மா. கலர் குடு. அப்பத்தான் வாட்ஸப்புல பளிச்சுன்னு தெரியும்."

பொதுவாக ஒரு கண். டார்லின் போட்டாள். மை காய்ந்ததும் பென்சிலால் நிழல் கொடுத்தாள், நன்றாகவே வந்தது. தாளைத் திருப்பிக் காட்டியபோது டீச்சர் கிட்டே வாங்கிப் பார்த்தார். பிறகு உதடு கோணி அழுதார்.

"இவன்தான். இவனேதான்."

"இந்தக் கைக்கு மோதிரம் போடணும்லா" என்றார் இன்ஸ்பெக்டர். டார்லின் அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் தள்ளுவண்டி தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பக்கத்தில் பூ விற்கும் தங்கத்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"தாஜ் பாயப் பிடிச்சிட்டுப் போயிட்டாவ பிள்ள. செயின் அறுத்த கேசாம். நான் நம்பல. ஆனா படம் அப்படியே இருக்கே, இந்தா பாரு."

செல்போனில் கட்டைவிரல் அளவுக்குப் படம் தெரிந்தது. பெரிய தாளில் வரைந்தபோது நாடி, கண், நிழல் என்று துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் முகமாகப் பார்த்தாள். தொப்பியை விரலால் மறைத்துப் பார்த்தாள். அவசியமே இருக்கவில்லை.

ஏறவேண்டிய பஸ் வந்து நின்று, போயும்விட்டது.

அவள் அப்பா சாலமோன் கிறிஸ்தவ சபை அலுவலகத்தில் கிளார்க். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீயா பொய்யா வரஞ்சே? டீச்சர் சொன்னாவ, நீ போட்டே. பொறவென்ன?" என்றார்.

"கண்ண அவங்க சொல்லலப்பா. அது நானாப் போட்டது."

அடுப்பில் சோற்றுப்பானை பொங்கி வழிந்து தணிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"போலீசுக்கு முன்னால போயி இதச் சொன்னா ஒன்னயத்தான் கிறுக்கிம்பான், ஏட்டி" என்றார் கடைசியில். பிறகு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

போலீஸ் நிலையத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி தாஜின் மனைவி பாத்து குத்தவைத்திருந்தாள். டார்லினைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். அந்தப் படத்தை யார் வரைந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"சாட்சி சொல்லவா வந்தே? நீ அவுகளத் தெனம் பாத்த பிள்ளைலா. நீ சொன்னா விட்டுருவாவ."

டார்லின் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

அவள் வரைந்த பழைய தாள்களை இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரசித்துத்தான் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. சரி, ஒனக்கு இவனத் தெரியும். இவன்தான்னு டீச்சரம்மாவும் சொல்லுதாவ. அடையாள அணிவகுப்புல சக்கர நாற்காலியில வந்து ஒரே பார்வையில கைய நீட்டிட்டாவ. ரெண்டும் ஒத்துத்தான போவுது?"

"அவங்க என் படத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுதாங்க சார்."

"விடியக்காலம் எங்கன இருந்தேன்னு கேட்டா, வீட்டுல தூங்கினேங்கான். பொண்டாட்டியத் தவிர சாட்சி கெடையாது. அவன் மேல பழைய அடிதடி கேஸ் ஒண்ணு கெடக்கு." தாள்களைத் தட்டி ஒழுங்காக்கித் திருப்பித் தந்தார். "டீச்சரம்மாவே வந்து இவன் இல்லன்னு எழுதிக் குடுக்கட்டும். அப்பறம் பேசுவோம்."

ஜெபராணி டீச்சர் அப்போது வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த டீச்சரிடம் டார்லின் எதையும் மறைக்கவில்லை. தள்ளுவண்டி, மதியங்கள், பொதுவாகப் போட்ட கண். டீச்சர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நான் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளையக்கூட விசாரிக்காம அடிச்சது கெடையாது" என்றார் பிறகு. "செய்யாதவன் மேல பழியப் போட்டுட்டுச் சர்ச்சுல திருவிருந்து அப்பத்துக்கு எப்படிக் கைய நீட்டுவேன்? தாள எடு. புதுசா வரை. நான் சொல்லுதத மட்டும் போடு. வேற மூஞ்சி வந்துட்டுன்னா நாளைக்கே ஆட்டோ பிடிச்சுப் போயிச் சொல்லிருதேன். இது சத்தியம்."

டார்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நேர்மையான ஒருவர் கிடைத்த பிறகு தாஜ் பாய் வெளியே வந்துவிடுவார் என்று நம்பினாள்.

இந்த முறை கையை நம்பவில்லை. மையைத் தொடவேயில்லை, பென்சிலோடு நிறுத்திக்கொண்டாள். கையைத் தாளிலிருந்து எடுத்து எடுத்து வைத்தாள். நாடியைச் சொன்னபடி போட்டாள். தாடி, மூக்கு. கண் இருக்கவேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டு, "கண்ணுதான் நீங்க பாக்கலயே டீச்சர். அப்படியே விட்டுருவோமா?" என்றாள்.

"பாக்கலன்னு யாரு சொன்னா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரில..."

"அப்ப வலியில ஒண்ணும் ஓடல. பொறவுதான் ஞாபகம் வந்துது. கண்ண மூடினா அவன்தான வந்து நிக்கான்." டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "உள்ள போன கண்ணு. மேல எலும்பு துருத்திக்கிட்டு நிக்கும்."

டார்லின் வேண்டுமென்றே அகலமான, பிதுங்கிய கண்ணாகப் போட்டுக் காட்டினாள்.

"இல்ல. அழி."

அழித்தாள். நீளமாக, ஓரம் ஏறிய கண்ணாக இன்னொன்று போட்டாள்.

"இதுவும் இல்ல. அவசரப்படாத, பைய வரை." குரலில் கோபமே இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைத் திரும்பப் போடச் சொல்லுகிற குரல். "எடது பக்க இமை லேசா எறங்கியிருக்கும்."

மதிய வெயிலில் எதிர்ச் சாரியில் நின்று, நாள் கணக்காகப் பார்த்து அவள் பிடித்த சரிவு அது. பைக்கில் கடந்துபோன ஒருவனிடம் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. தாளிலிருந்து எழுந்து போய் இந்த அம்மாளின் ஞாபகத்துக்குள் உட்கார்ந்துகொண்டுவிட்டது.

"டீச்சர், அது நான் போட்டது. அவன்கிட்ட இருந்ததில்ல. யோசிச்சுப் பாருங்க."

டீச்சர் உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது, கழுத்தில் ஆறிவரும் தழும்பைக் கை தடவியது. தெருவில் மீன்காரர் கூவிப்போன சத்தம் தேய்ந்து மறையும்வரை யோசித்தார்.

"இல்லம்மா, பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன். நான் பொய் சொல்லல."

பொய் சொல்லவில்லை என்பது டார்லினுக்கும் தெரிந்தது. பென்சிலைப் பலகைமேல் வைத்துவிட்டாள். டீச்சர் வலியோடு புரண்டு, பலகையைத் தன் பக்கம் இழுத்துப் பென்சிலை எடுத்தார். கரும்பலகையில் எழுதியதைத் தவிர வேறு எதையும் வரைந்திராத கை. உள்வாங்கிய ஒரு கண், அதன்மேல் சரிந்து இறங்கும் ஒரு கோடு. எங்கே விழ வேண்டுமோ அங்கேயே விழுந்தது.

"பாரு" என்றார். "இவன்தானே?"

டார்லின் பார்த்தாள். அவர்தான்.