மலைச்சாமியின் முறை

மாயக்காளின் மாத்திரைக் கணக்கு மாதா மாதம் சரியாகவே இருந்தது. முப்பது வாங்கிப் போவாள். முப்பதாம் நாள் காலி டப்பாவோடு வருவாள். ஆனாலும் அவள் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி மறுபடி பெருகியிருந்தது.

திண்டுக்கல் சிகிச்சை மையத்தின் ஆலோசகர் வினோலியா ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தாள். அவளும் பதினோரு வருடமாக அதே மாத்திரையை விழுங்கி வருகிறவள்.

"தாயி, மருந்து அரைகுறையாப் போனா கிருமி அதுக்குப் பழகிக்கிரும். பெறகு முழுசாப் போட்டாலும் கேக்காது. மூணு மாசம் ஒழுங்காப் போடு, திரும்ப ரத்தம் பாப்போம். குறையலன்னா வேற மருந்து. அதுவும் கேக்கலன்னா, அப்புறம் நம்ம கையில பெருசா ஒண்ணுமில்ல."

மாயக்காள் முந்தானையைத் திருகினாள். "சாயங்காலம் வீட்டுக்கு வாரியாக்கா? இங்க வச்சுச் சொல்ல முடியாது."

சாணார்பட்டி தாண்டி, மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. பத்தாவது படிக்கும் மகள் பானுப்ரியா விடுதியில் இருந்தாள். உள்ளே, இறந்துபோன கணவன் மலைச்சாமியின் படம். அதன் முன் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டின் நடுவில் கவிழ்த்த டம்ளர். மாயக்காள் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளை மாத்திரை ஒன்று.

"இன்னிக்கு அவரு முறை."

மலைச்சாமி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவன். கூடத் தங்கியவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று மாத்திரையை விடுவான், போடுவான், மறுபடி விடுவான். ஊர் திரும்பியபோது எந்த மருந்தும் அவன் உடம்புக்குக் கேட்கவில்லை. கடைசி வாரம் முழுக்க, "ஒரு மாத்திர குடு, ஒரு மாத்திர குடு" என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இருக்கையில ஏழு மணியாச்சுன்னா டப்பாவக் குலுக்கித்தான் என்னையக் கூப்புடுவாரு. செத்து நாப்பதாம் நாளு, அது தானா குலுங்குச்சு. செத்தவுக ஆசப்பட்டதத்தானக்கா படைக்கிறோம்? அவரு ஆசப்பட்டது இது ஒண்ணுதான். ஒரு நாளு அவருக்கு, ஒரு நாளு எனக்கு."

"எலி தூக்கிட்டுப் போகும், தாயி."

"நானும் அப்புடித்தான் நெனச்சு டம்ளரக் கவுத்தேன். விடிஞ்சா கவுத்தது கவுத்தபடிக்கு இருக்கும். உள்ள மாத்திர இருக்காது." மாயக்காள் லேசாகச் சிரித்தாள். "உசுரோட இருக்கையிலயும் மீன் கொழம்புல எம்பங்கையும் சேத்துத் திங்கிற மனுசன்தான்."

ஏழு மணி ஆனது.

அலமாரித் தட்டில் கிலுகிலுவென்று சத்தம் எழுந்தது. யாரோ பொறுமையாக, பழகிய கையால் குலுக்குவது போல. வினோலியாவின் உதடுகள் தாமாக ஜெபித்தன. எழுந்துபோய் மலைச்சாமியின் பழைய மாத்திரை டப்பாவை எடுத்தாள். உள்ளங்கைக்குள்ளும் அது ஒருமுறை குலுங்கியது. மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

ஏழரைக்குப் பேருந்து இருந்தது. ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் மாயக்காள் டம்ளரை மாத்திரையின் மேல் மறுபடி கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வினோலியா படத்தின் எதிரே உட்கார்ந்தாள். தவித்துக் கேட்கிறவனை அதட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, எம்பேரு வினோலியா. நீங்க திருப்பூர்ல ஒளிச்சு ஒளிச்சுப் போட்டப்ப, கூட ஒக்காந்து தண்ணி எடுத்துக் குடுக்க ஒரு ஆளு இல்ல. அது பெரிய கொடுமதான். இப்ப ஒங்களுக்கு நோவு இல்லண்ணே. நோவு இவ ஒடம்புலதான் இருக்கு. பிள்ளைக்கு இவ ஒருத்திதான். இனிமே ஒங்க முறையையும் இவளுக்கே விட்டுக்குடுங்க."

டப்பா மறுபடி குலுங்கவில்லை.

வினோலியா டம்ளரைத் தூக்கி, மாத்திரையை மாயக்காளின் கையில் வைத்தாள். தன் கைப்பையிலிருந்து தன்னுடையதையும் எடுத்தாள்.

"கோவிச்சுக்குவாராக்கா?"

"கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும். மூணு மாசத்துக்கு ஏழு மணிக்கு நான் இங்கதான். போடு."

மாயக்காள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். அவளுக்கு அந்த மருந்து இனிக் கேட்குமா என்று இருவருக்கும் தெரியாது. ஒரே சொம்புத் தண்ணீரை மாறி மாறிக் குடித்தார்கள்.

அப்போது படத்தின் பக்கம், தாகத்தோடு காத்திருப்பவன் விடுவது போல் ஒரு பெருமூச்சு கேட்டது. வினோலியா மிச்சத் தண்ணீரைத் தட்டின் அருகே நகர்த்தி வைத்தாள்.

"அவருக்குப் பச்சத்தண்ணி ஆகாதுக்கா," என்று மாயக்காள் எழுந்தாள். "செத்த நேரம் இரு, சுட வச்சுக் கொண்டாரேன்."