மீனம்பாக்கத்து மஞ்சள் கோடு

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் மேசைக்கு முன்னால் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோடு, 1978 ஆனி மாதத்தில் இசக்கியம்மாளின் பின்னாலேயே பஸ் ஏறி நெய்வேலிக்கு வந்து சேர்ந்தது. விமான நிலையத்துக்காரர்கள் மறுநாளே வேறு கோடு போட்டுக்கொண்டார்கள். வந்த கோடு நான்கு விரல் அகலம் இருந்தது. அதில் பல நாட்டுச் செருப்புகளின் அழுக்கு இருந்தது. இசக்கியம்மாளின் குவார்ட்டர்ஸில், முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே, சுவரிலிருந்து சுவர்வரை நீட்டிப் படுத்துக்கொண்டது. அந்த வாரம் சேத்தியாத்தோப்புக் கத்தரிக்காய் மலிந்து கிடந்தது. சந்தைக்கு வந்த பெண்கள் முதலில் கத்தரிக்காயைப் பற்றிப் பேசினார்கள், பிறகு கோட்டைப் பற்றிப் பேசினார்கள்.

இசக்கியம்மாள் சுரங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், பெர்மனென்ட். அவள் அப்பா மாடசாமி அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்து சுரங்கத்தில் பம்பு பார்ப்பவர். நிலக்கரிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துவிடும் என்பதால் அவருக்குத் தீபாவளி பொங்கல் கிடையாது. மண் வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தைப் பூட்டிக் கொடுக்க மேற்கு ஜெர்மனியிலிருந்து ரைனர் என்பவர் வந்திருந்தார். தொழிலாளிகளின் வாயில் அவர் ராயர் ஆனார். கான்ட்ராக்ட் ஆட்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், அந்த உயரத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லாத தமிழ் அவரிடமிருந்து வந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் சுரங்கத்துக்குள்ளிருந்து போன் வரும். "எக்ஸ்சேஞ்சா? ராயர் பேசிக்கினு இருக்கேன். நான் துண்ணுட்டேன். நீ துண்ணியா?" இணைப்பு யாருக்கு வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. ஒரு வருஷம் இப்படிக் கேட்ட பிறகு வடலூரில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மாடசாமி ஷிப்டு முடித்து, காலில் சுரங்கச் சேறோடு வந்து நின்று அட்சதை போட்டார். ரிஜிஸ்டர் செய்யவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. டவுன்ஷிப்பில் எல்லாம் நம்பரில் நடக்கும். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டு எல்லா ஜில்லாக்களிலிருந்தும் வந்து சேர்ந்த பெண்களுக்கு இது பெரிய வசதி. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் புருஷனின் நம்பரைச் சொன்னால் கதவு திறக்கும், பேரை யாரும் கேட்பதில்லை. ராயரின் கேட் பாஸ் நம்பர் எப்.சி. நாற்பத்தொன்று. இசக்கியம்மாள் மூன்று வருஷம் அந்த நம்பரின் மனைவியாக வாழ்ந்தாள், ஒரு குறையும் இல்லை. அவர் ஒப்பந்தம் முடிந்து இருவரும் ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது மாடசாமி சொன்னது ஒன்றுதான். "ஏளா, பெர்மனென்ட் வேலைய விட்ராத. லீவு போட்டுட்டுப் போ." அவள் சிரித்தாள். ஆனால் லீவுதான் போட்டாள்.

மீனம்பாக்கத்தில் வெளிநாட்டவருக்கு ஒரு வரிசை, இந்தியருக்கு ஒரு வரிசை. ராயர் அவள் தோளைத் தட்டிவிட்டுத் தன் வரிசைக்குப் போனார். முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றும்விட்டார். இசக்கியம்மாள் மஞ்சள் கோட்டில் நின்று, கூப்பிட்டதும் போனாள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் இருந்தது. தனியாகப் போகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். வீட்டுக்காரரோடு போகிறேன் என்றாள். "அவர் பேர் என்னம்மா?" என்றார். "எப்.சி. நாற்பத்தொண்ணு" என்றாள். வாய்ப் பழக்கம். "பேரு கேட்டேம்மா, பஸ் நம்பரா கேட்டேன்?" வெட்கத்தோடு அவள் ராயரைக் கைகாட்டினாள். அதிகாரி நல்ல மனிதர். எழுந்து போய், இந்த அம்மா உங்களுக்கு யார் என்று அவரை இங்கிலீஷில் கேட்டார். பிறகு திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்களைத் தெரிஞ்சவங்கன்னு சொல்றாரும்மா" என்றார்.

"என்னங்க, இங்க பாருங்க" என்று அவள் கூப்பிட்டாள். ராயர் திரும்பிப் பார்த்தார். அவளோடு நாலு வருஷம் பேசிய தமிழ் முழுக்க அவரை விட்டு இறங்கிப்போயிருந்தது. புரியாத பாஷையில் யாரோ வழி கேட்பதுபோல் லேசாகப் புன்னகைத்து, தோள்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அவர் போனதைக்கூட அவள் பிற்காலத்தில் மனதுக்குள் சமாளித்துக்கொண்டாள். அந்தப் பையை மாற்றிய நிதானத்தைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புடவைகளும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்த அவளுடைய நீலப் பெட்டி அதற்குள் விமானத்தில் ஏறியிருந்தது. அது ஜெர்மனி போயிற்று. அவள் நெய்வேலி வந்தாள், கோடும் வந்தது.

கோட்டின் குணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வந்த காரியத்தை உண்மையாகச் சொன்னவர்களை அது விட்டது. மற்றவர்களுக்குக் கால் எழாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கனகம் கறிவேப்பிலை கேட்டு வந்து முன்னறையிலேயே நின்றாள். வியர்த்துப்போய் கடைசியில், "அந்த வெள்ளக்காரன் வேற எவளயாச்சும் வெச்சிக்கினு இருந்தானான்னு கேட்டுக்கினு போலாம்னுதான் வந்தேன், போதுமா?" என்றாள். கால் வந்தது. இசக்கியம்மாள் அவளுக்குக் கறிவேப்பிலையும் கொடுத்தாள். கனகத்தின் கேள்விக்கு விடை அடுத்த வருஷம் வந்த இன்னொரு ஜெர்மன்காரர் மூலம் கிடைத்தது. அங்கே ராயருக்கு மனைவி உண்டு, முதலிலிருந்தே உண்டு. அன்று மாலை மாடசாமி வந்து, சும்மா பார்க்க வந்தேன் என்றார். கோடு விடவில்லை. "நீ அழுதுட்டுக் கெடப்பியோன்னு பயந்து வந்தேன், தாயி" என்ற பிறகுதான் விட்டது. பிறந்ததிலிருந்து அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்த பெயிண்டர் சாமிக்கண்ணு சிவப்புச் சாயம் அடித்துப் பார்த்தான். விடிந்ததும் மஞ்சள் மேலே வந்திருந்தது. ஏற்கெனவே உள்ளது என்று எஸ்டேட்காரர்கள் குறித்துக்கொண்டு போனார்கள்.

அது இசக்கியம்மாளையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அவரை மறந்தாச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கால் நின்றுவிட்டது. ஷிப்டுச் சங்கு ஊதியது. நினைப்பதே இல்லை என்றாள். நகரவில்லை. வெறுக்கிறேன் என்று பார்த்தாள், அதுவும் பாதிதான் உண்மை போலிருக்கிறது, குதிகால் மட்டும் எழுந்தது. அவர் வந்து எல்லோர் முன்னாலும் இவள் என் பெண்டாட்டி என்று ஒரு தடவை சொன்னால் போதும், அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டபோது கோடு விட்டது. அதற்குப் பின் தினமும் அதைச் சொல்லித்தான் வேலைக்குப் போனாள். தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ள ஒரு மூலைகூட இல்லாத வீட்டில் அவள் எட்டு வருஷம் இருந்தாள். தலை முன்புறம் நரைத்தது. அப்பா ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனார். அவர் பார்த்த பம்பை வேறு ஒருவர் பார்த்தார்.

1986 தை மாதம், இரண்டாவது சுரங்கத்துக்கு வந்த புது இயந்திரத்தோடு ராயரும் வந்தார். உடம்பு பெருத்திருந்தது. கையில் நீலப் பெட்டி. சங்கு ஊதி எல்லோரும் வீடு திரும்பும் நேரம் என்பதால் வாசலில் சைக்கிள்கள் நின்றன. கனகம் கதவுக்கு வெளியே இடம் பிடித்துக்கொண்டாள். இசக்கியம்மாள் கூடத்தில் நின்றாள், அவர் முன்னறையில் நின்றார். நடுவே கோடு.

"பொட்டிய குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். தமிழ் திரும்பி வந்திருந்தது, கொஞ்சம் துருப்பிடித்து. காலை எடுத்தார், எழவில்லை. குனிந்து பார்த்தார்.

"இவரு ஒருத்தருதான் பொட்டி குடுக்க ஏழு கடல் தாண்டி வந்தாரு" என்றாள் கனகம் வெளியிலிருந்து.

ராயர் வாசலைப் பார்த்தார், இசக்கியம்மாளைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "என் பொண்டாட்டியப் பாக்க வந்தேன்."

சைக்கிள் மணி ஒன்று தவறிப்போய் ஒலித்தது. எட்டு வருஷமாக அவள் காத்திருந்த சொல் அது. அது முன்னறையைக் கடந்து, கோட்டைக் கடந்து, அவள் காதுவரை வந்தது. தன் நெஞ்சு என்ன செய்கிறது என்று அவள் கவனமாகப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. ஆறிப்போன சோற்றைக் கையில் எடுத்ததுபோல் இருந்தது. அவர் காலைப் பார்த்தாள். அதுவும் எழவில்லை.

"அன்னிக்கு ஆபீசர் கேட்டதுக்கு என்ன சொன்னீங்களோ, அதச் சொல்லுங்க" என்றாள்.

"இசக்கி..."

"இங்கிலீஷ்ல வேணாம். தமிழ்ல சொல்லுங்க. நான் உங்களுக்கு யாரு?"

 பெட்டியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். "தெரிஞ்சவங்க" என்றார்.

கால் எழுந்தது. கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். இசக்கியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். விருந்தாளிகளுக்கு என்று எடுத்து வைத்திருந்த டம்ளரில் காபி கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். நார்த்தங்காய் நல்லா இருந்துச்சு என்றார். சங்கதி முடிந்துவிட்டதென்று சைக்கிள்கள் கலைந்தன. கனகம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுப்பில் குழம்பு வைத்தது நினைவு வந்து போனாள்.

மறுநாள் காலை இசக்கியம்மாள் பழக்கத்தில் கோட்டருகே நின்றாள். சொல்ல ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறேன் என்றாள். கோடு விட்டது. அவள் டிரான்ஸ்பரில் வேறு பிளாக்குக்குப் போனபோது கோடு கூடப் போகவில்லை. அந்த வீட்டுக்கு அடுத்து வந்த பரமசிவம் குடும்பம் அதன்மேல் பாய் விரித்துக்கொண்டது. விருந்தாளிகள் வந்து முன்னறையிலேயே நின்றுவிட்டால், வந்த விஷயத்தை மாற்றிச் சொல்லிப் பார்க்கும்படி அவர்கள் உள்ளிருந்தே குரல் கொடுப்பார்கள்.