குழாயில் நின்ற பாட்டு

பவானி இறந்த இருபத்து மூன்றாம் நாள், கடலூர் முதுநகரில் ஒரு காதுகுத்து வீட்டின் மாடியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் பாடினாள். மைக் அப்போது பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்ததும் சொல் இல்லாத ராகம் மூன்று வரி வந்தது, நின்றது. பிறகு வழக்கமான பிள்ளையார் பாட்டு போட்டார்கள். காதுகுத்து பத்தரைக்கு முடிந்தது. மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு.

மைக் செட் அவள் கணவன் இளவரசுவுடையது. அவன் சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவன். பவானி கீரப்பாளையத்துப் பெண், அதே பல்கலைக்கழகத்தில் கணிதம். கல்யாணமான ஐந்து வருஷமும் மைக்கைச் சோதித்தது அவள்தான். ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ என்று சொல்ல அவளுக்குப் பிடிக்காது. தானாகக் கட்டிய ஒரு ராகத்தை முனகுவாள். இளவரசு தூரத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று சத்தம் கூட்டும் திருகைத் திருப்புவான். அளவு சரியானதும் வலது கையைத் தூக்குவான். அவள் பாட்டை நிறுத்திவிட்டு, "சரியா இருக்கா?" என்று மைக்கிலேயே கேட்பாள். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். 2021 நவம்பரில் டெங்கு வந்தது. நான்கு நாள். அவளுக்கு வயது இருபத்தொன்பது.

காதுகுத்துக்குப் பிறகு எல்லா விசேஷத்திலும் அவள் பாடினாள். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் முதலில் அந்த மூன்று வரி. "சரியா இருக்கா" மட்டும் வரவில்லை. மாவட்டச் செயலாளர் ஒருவர் மேடையில் துண்டைச் சரிசெய்தபடி காத்திருந்தார். கூம்புக் குழாய்க்குத் தடை இருக்கிறது என்று பறிமுதல் செய்ய வந்த எஸ்.ஐ., மூன்று வரியும் முடியும்வரை நின்று, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். செல்போனில் பதிவு செய்தவர்களுக்கு மின்விசிறிச் சத்தமும் காக்கையும்தான் கிடைத்தன. கடையில் வைத்து இளவரசு பலமுறை விளக்கைப் போட்டுப் பார்த்தான். இரைச்சல் வந்தது. அவள் விசேஷத்துக்கு மட்டும்தான் வந்தாள். ஆகவே அவன் ஒரு முகூர்த்தத்தையும் விடவில்லை. முகூர்த்தமே இல்லாத ஆடி மாதத்தில் அவன் பேச்சுக் குறைந்தது.

அவளுடைய அப்பா கோவிந்தசாமி கீரப்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து, முன்பின் தெரியாதவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்தார். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று வாசலில் கேட்டால், குழாய் வீடு என்பார். கேட்பார், சாப்பிடுவார், அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

2024 ஆவணியில் பரங்கிப்பேட்டையில் ஒரு நிக்காஹ். மணப்பெண்ணின் பெரியம்மா மகள் சமீரா சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவள் பாடிய பாட்டுகளை அந்த ஊரில் கைக்குழந்தைகூட அடையாளம் கண்டது. முழுக்கப் பாட்டிலேயே நடக்கிற படம் ஒன்றில் அப்போது நடித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சிக்கு மெல்லிய பாட்டு ஒன்று வேண்டும். நாற்பத்தொரு மெட்டு போட்டார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. படம் அந்த ஒரு பாட்டுக்காக நின்றிருந்தது. குழாயில் மூன்று வரி வந்தபோது அவள் தட்டில் பிரியாணி இருந்தது. தட்டை வைத்துவிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து ஆம்ப்ளிஃபயர் வரை வந்தாள்.

"அண்ணே, யாரு பாடுறது?"

"என் வூட்டுக்காரி."

"வரச் சொல்லுங்க, பேசணும்."

"அவ இல்ல. மூணு வருஷம் ஆவப்போவுது."

சமீரா வாய்க்குள் இன்னாலில்லாஹி சொன்னாள். பிறகு, ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டாள். இளவரசு விளக்கினான். டெஸ்டிங் அவ்வளவுதான், அளவு சரியானால் கையைத் தூக்குவேன், நிறுத்திவிடுவாள்.

"இப்பவும் தூக்கிக்கிட்டுதாண்ணே நிக்கிறீங்க," என்றாள் சமீரா.

அவன் பார்த்தான். வலது கை தலைக்கு மேலே இருந்தது. மூன்று வருஷமாக அப்படித்தான் தூக்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கையை இறக்கி வைத்தால் மிச்சமும் வரும், அந்த மிச்சம்தான் எனக்கு வேண்டும், பாட்டுக்கு அவுங்க பேரே இருக்கட்டும் என்றாள் சமீரா. இளவரசு மாட்டேன் என்றான். பாட்டு முடிந்துவிட்டால் அவள் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்காது. அவனிடம் இருந்தது மூன்று வரி. அதைக் கொடுத்துவிட்டு முழுப் பாட்டை வாங்க அவனுக்கு மனமில்லை. சமீரா நான்கு மாதத்தில் பதினொரு முறை போன் செய்தாள். பதினொரு முறையும் அதே பதில்.

மார்கழியில் கோவிந்தசாமியின் காதுக்கு விஷயம் போயிற்று. கடைக்கு வந்தார், இளவரசு டீ வாங்கிக்கொடுத்தான், குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மூணு வருஷமா அதே மூணு வரி. ஏன் மாப்ளே, செத்தும் எம் பொண்ண வாய மூடு வாய மூடுன்னே சொல்லிக்கிட்டு இருக்க?"

அன்று சாயங்காலம் சமீராவுக்கு இளவரசுவே போன் செய்தான்.

முழுப் பாட்டும் வரும்வரை காத்திருக்கச் சொந்த விசேஷம் ஒன்று வேண்டும். கோவிந்தசாமியிடம் ஒன்று இருந்தது. மகள் இறந்த வருஷம் வரவேண்டிய தன் மணிவிழாவை அவர் வேண்டாம் என்று விட்டிருந்தார். இப்போது வயது அறுபத்து மூன்று. ஐயர் ஒரு பரிகாரத்தைச் சேர்த்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். தை மாதம், சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு சின்ன மண்டபம், காலை ஒன்பது மணி. கோவிந்தசாமியும் தைலம்மாளும் மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தார்கள். சமீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குழாய்க்கு நேர் கீழே நின்றாள். பதிவு ஆகாது என்று தெரியும், காதால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

விளக்கு எரிந்தது. முதல் வரி. இரண்டாம் வரியில் இளவரசுவின் தோள் அசைந்தது. கோவிந்தசாமி மணையை விட்டு எழுந்து, மாலையோடு நடந்து வந்து, "கையக் கொடு மாப்ளே," என்று அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் வரி முடியும்போது அந்தக் கை மேலே போகப் பார்த்தது. ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை அதை விடவில்லை.

நான்காவது வரி வந்தது. நான்காவது மேலே ஏறி, ஐந்தாவது இறங்கி, ஆறாவது முதலிரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. மொத்தம் பதினாறு வரி. ஐந்து வருஷம் கூடவே இருந்தவன் இதில் பதின்மூன்றைக் கேட்டதே இல்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தைலம்மாள் மட்டும் தாளம் போட்டாள். முடிந்ததும் குழாய் கேட்டது:

"சரியா இருக்கா?"

இளவரசு தலையாட்டவில்லை. மைக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தான். "சரியா இருக்கு பவானி," என்றான். மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு தாலி கட்டினார்கள்.

அதற்குப் பிறகு குழாயில் அவள் பாடவில்லை.

படம் அடுத்த ஆவணியில் வந்தது. "இன்னும் ஒரு வரி" என்ற அந்தப் பாட்டு எப்படிப் பரவியது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இசை, பவானி இளவரசு, முதுநகர் என்று திரையில் போட்டார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதில் சமீராவின் குரல் ஒன்றுதான். இளவரசுவின் குழாய்ச் சத்தம் எட்டியிருந்த இடங்களில் மட்டும் இரண்டு குரல். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் பாட்டைப் போட்டால் முதுநகரில் இருவர் பாடுவார்கள். ஆலப்பாக்கம் வேறு மைக் செட்காரர் செந்தமிழ்செல்வனின் எல்லை, அங்கே ஒருத்தி. புதுச்சத்திரத்தில் மறுபடி இருவர். கண்டக்டர்கள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் ஒருநாள் கட்டிவிட்டுப் போங்கள் என்று சீர்காழியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் அழைத்தார்கள். இளவரசு போய்க் குழாயைக் கட்டி, கோவில் பாட்டு ஏதாவது போட்டு, சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு வந்தான். செந்தமிழ்செல்வனே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆலப்பாக்கத்துக்கும் ஒரு நடை வரச் சொன்னார்.

இளவரசுவின் வீடு உப்பனாற்றை ஒட்டிய கடைசி வீடு. எந்த விசேஷத்துக் குழாயும் அங்கே எட்டியதில்லை. அவள் இருந்தவரை தேவைப்படவுமில்லை. இப்போது அந்த வீட்டில் பாட்டைப் போட்டால் சமீராவின் குரல் மட்டும்தான். கார்த்திகையில் ஒரு காலை அவன் குழாயைத் தன் மாடிக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டினான். பக்கத்து வீட்டு மாரியம்மாள் துணி காயப்போட்டபடி, என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பாட்டுக் கேட்கணும் என்றான். போனை ஒயரில் செருகினான். இரண்டு குரல் வந்தது. மூன்றாம் வரி போயிற்று, நான்காம் வரி போயிற்று. அவன் வலது கையில் டீ டம்ளர் இருந்தது. நான்கு நிமிஷம் பதினெட்டு நொடியில் பாட்டு முடிந்தது. குழாயை இறக்கி வண்டியில் ஏற்றினான். பத்து மணிக்குக் கீரப்பாளையத்தில் ஒரு வளைகாப்பு இருந்தது.